பற்றவைப்புக்கு எதற்கு எம்.டெக்.?

மதிப்பிற்குரிய ஐயா,

உலோகவியல் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், செராமிக் கூட்டுப்பொருள்களை உலோகக் கலவைகளோடு பிரேசிங் முறையில் (இரு பொருள்களையும் உருக்காமல், இடையில் வேறோர் உலோகத்தை உருக்கி ஒட்டும் முறை) இணைப்பது குறித்து மேற்படிப்பு படிக்க விரும்புவதாகவும், “பற்றவைக்கிற வேலைக்கு ஐ.டி.ஐ. போதாதா?” என்று வீட்டில் பேச்சு எழுந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் ஐ.டி.ஐ.யில் கற்பிப்பது உலோகத்தோடு உலோகத்தைச் சேர்ப்பது. தங்கள் மகள் சேர்க்க நினைப்பதோ ஒன்றோடொன்று எளிதில் ஒட்டாத இரு பொருள்களை.

சிலிக்கன் கார்பைடு இழைகளை அதே கார்பைடுக்குள் பதித்துச் செய்யும் செராமிக் கூட்டுப்பொருள், நிக்கல் கலவைகள் தளர்ந்துவிடும் வெப்பத்தையும் தாங்கும். எடையோ அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். 2016-இல் சேவைக்கு வந்த லீப் விமான எஞ்சினின் டர்பைன் பகுதியில் இப்பொருள் இடம்பெற்றுள்ளது. எஞ்சின் முழுவதையும் இதனால் செய்ய இயலாது என்பதால், எங்கேனும் ஓரிடத்தில் இது உலோகத்தைச் சந்தித்தே ஆக வேண்டும்.

இடையில் உருக்கி ஒட்டும் நிரப்பு உலோகத்தையே பாருங்கள்: வெள்ளியும் செம்பும் எடையில் 72-க்கு 28 என்ற விகிதத்தில் கலந்தால் 780 டிகிரி செல்சியஸில் உருகும். ஆனால் அந்த உருகல் செராமிக்கின் மேல் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நிற்கும். சில சதவீதம் டைட்டானியம் சேர்த்தால், அது செராமிக்கோடு வினைபுரிந்து மெல்லிய படலம் அமைக்க, உருகல் பரவிப் படியும். டைட்டானியம் ஆக்சிஜனை விட்டுவைக்காது என்பதால் இவ்வேலையைப் பெரும்பாலும் வெற்றிட உலையில்தான் செய்கிறார்கள்.

உண்மையான சிக்கல் குளிரும்போதுதான் தொடங்குகிறது. நிக்கல் கலவை செராமிக்கைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு சுருங்குகிறது. உலையிலிருந்து எடுத்த மாதிரி வெளிப்பார்வைக்குக் குறையின்றி இருக்கும். அதையே அறுத்து, மெருகிட்டு, நுண்ணோக்கியில் வைத்தால், இணைப்பில் அன்று, அதையொட்டிய செராமிக்கின் ஓரத்தில் மயிரிழை விரிசல் தெரியும். ஆகவே இங்கே வலுவான இணைப்பு என்பது பெரும்பாலும் நிரப்பு உலோகத்தின் வலிமையைக் கூட்டுவதன்று, இந்தச் சுருக்க வேறுபாட்டால் பொருளுக்குள் எஞ்சி நிற்கும் தகைவை (உள்விசையை) குறைப்பதே. நெளிந்து கொடுக்கும் செம்புத் தகட்டையோ, செராமிக்கை ஒட்டிய அளவிலேயே சுருங்கும் மாலிப்டினத்தையோ இடையில் வைப்பது அதற்காகத்தான். 780 டிகிரியில் உருகும் நிரப்பியை எஞ்சினின் சூடான பகுதியில் பயன்படுத்த முடியாது என்பது தனிச்சிக்கல். ஆய்வுக்கு இடம் அங்கேதான் மிகுதி.

வேலைவாய்ப்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தக் குறுகிய தலைப்பிலேயே பணி வேண்டுமென்றால், ஐதராபாத், பெங்களூரு, திருவனந்தபுரம் ஆகிய ஊர்களின் விண்வெளி, பாதுகாப்பு ஆய்வகங்களை நோக்க வேண்டும். அங்கு இடங்கள் குறைவு, பெரும்பாலும் முனைவர் பட்டமும் தேவைப்படும். ஆனால் இதே வேதியியலைக் கொண்டுதான் மின்வாகன இன்வெர்ட்டர்களுக்கான செராமிக் தகடுகளில் செம்பை ஒட்டுகிறார்கள். வெப்பப் பரிமாற்றிகளும் கார்பைடு வெட்டுக்கருவிகளும் பிரேசிங்கால் உருவாகின்றன. ஆகவே இளநிலையில் உலோகவியலை அகலமாகப் படித்துவிட்டு, எம்.டெக்.கில் இத்தலைப்பை எடுப்பதே என் பரிந்துரை.

எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வில் உலோகவியல் தாளை எழுதட்டும். திருச்சி என்.ஐ.டி.யில் வெல்டிங் பொறியியலுக்கென்றே எம்.டெக். உண்டு, அதே ஊரில் பெல் (பாரத மிகு மின் நிறுவனம்) வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. வெப்பத் தகைவைக் கணினியில் கணக்கிடும் மென்பொருள் ஒன்றை இப்போதே பழகத் தொடங்கலாம். எந்தக் கல்லூரியில் சேர்வதானாலும், அங்குள்ள வெற்றிட உலை ஓடுகிறதா என்று ஆய்வு மாணவர்களிடம் முன்னதாகவே விசாரிக்கச் சொல்லுங்கள்; பழுதாகி ஆண்டுக்கணக்கில் உறைபோட்டு மூடிக்கிடக்கும் உலைகளும் உண்டு.