சின்ன வயதில் நம்பிய காவல் சம்மனசை (நம்மைக் காக்கும் வானதூதரை) இப்போது நம்ப முடியவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி ஆனதுண்டா? இதுதான் நீங்கள் கேட்டிருந்த கேள்வி.

எனக்கு ஆனதுண்டு. நீங்களும் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு மறைக்கல்விக்குப் போய், புதுநன்மைக்காக (முதல் முறை நற்கருணை வாங்குவதற்காக) ஜெபங்களை மனப்பாடம் செய்து வளர்ந்தவராகத்தான் இருப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று. நான் கடவுள் இல்லை என்று சொல்கிற ஆள் இல்லை. இன்றைக்கும் பூசைக்குப் போகிறேன். "நாலு எழுத்து படிச்சதும் விசுவாசம் போயிடுச்சு" என்று எழுத வருகிறவர்கள் தயவுசெய்து முழுவதையும் படித்துவிட்டு எழுதுங்கள்.

ராயபுரத்தில் எங்கள் வீடு ஒரே அறை. எல்லோரும் வரிசையாகப் பாய் போட்டுப் படுப்போம், திரும்பிப் படுக்கவே இடம் இருக்காது. அதிலும் என் வலது பக்கம் ஒரு சாண் விடச் சொல்வாள் ஆயா. அது சம்மனசுக்கு. தம்பி தூக்கத்தில் உருண்டு அங்கே போனால் காலைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்துப் போடுவாள். "எனக்குக் காவலாயிருக்கிற சம்மனசானவரே" என்று தொடங்கும் ஜெபத்தைச் சொல்லாமல் கண்ணை மூட விடமாட்டாள். அக்டோபர் 2 ஊருக்கெல்லாம் காந்தி ஜெயந்தி, எங்களுக்குக் காவல் சம்மனசுகளின் திருநாள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் காலைப் பூசைக்குத் தப்பவே முடியாது.

சுவரில் ஒரு காலண்டர் படம் மாட்டியிருந்தது, உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். உடைந்த மரப்பாலத்தில் அக்காவும் தம்பியும் நடக்க, பின்னால் இறக்கை விரித்த சம்மனசு. பாலத்தில் ஒரு பலகை இருக்காது. நான் அந்த ஓட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், ஆனால் பயம் வராது. கரண்ட் போன ராத்திரியில் பொதுக் கழிப்பறைக்குத் தனியாகப் போய் வருவேன். அந்தத் தைரியம் எனக்கு நிஜமாகவே இருந்தது. அதைப் பொய் என்று சொல்ல இன்றும் மனசு வராது.

அப்புறம் நர்ஸ் ஆனேன். பச்சிளம் குழந்தைகள் ஐசியூவில் வேலை. அங்கே வருகிற ஒவ்வொரு அம்மாவும் ஏதாவது கொண்டுவருவாள்: தாயத்து, கருப்புக் கயிறு, பள்ளிவாசலில் ஓதி வாங்கிய நூல், வேளாங்கண்ணி எண்ணெய். கிருமி பயத்தால் குழந்தை மேல் வைக்க முடியாது. பிளாஸ்டிக் கவரில் போட்டு, குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மர் ஓரத்தில் பிளாஸ்திரியால் ஒட்டி வைப்போம். எந்த மதம் என்றெல்லாம் பார்ப்பதில்லை.

ஒருமுறை பக்கத்துப் பக்கத்து வார்மரில் இரண்டு குறைமாதக் குழந்தைகள். எடைகூட ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று தேறியது. இன்னொன்றுக்கு நைட் டியூட்டியில் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) இறங்க ஆரம்பித்து, விடிவதற்குள் போய்விட்டது. காலையில் தேறிய குழந்தையின் பாட்டி, எங்கள் ஆட்கள்தான், கையெடுத்துக் கும்பிட்டுச் சத்தமாகச் சொன்னார்: "எங்க புள்ளையோட சம்மனசு கைவிடல சிஸ்டர்." அந்த நேரம் பார்த்து மற்ற அம்மா வாசலில் நிற்கிறாள். இன்னும் யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. கையில் பிழிந்த பால் கிண்ணம், கழுத்தில் ஜெபமாலை. விஷயத்தைச் சொன்ன பிறகு அவள் அழுகைக்கு நடுவே கேட்டது இதைத்தான்: "அப்ப என் புள்ளைக்கு மட்டும் இல்லையா சிஸ்டர்?"

எனக்கு அந்த நிமிடத்தில்தான் அந்த நம்பிக்கை போனது. அறிவியலோ நாத்திகப் புத்தகமோ காரணம் இல்லை.

      

அதற்குப் பிறகு பைபிளைத்தான் எடுத்தேன். திருத்தூதர் பணிகள் 12ஆம் அதிகாரம். பேதுரு சிறையில் தூங்கும்போது தூதர், அதாவது சம்மனசு, வந்து விலாவில் தட்டி எழுப்புகிறார், சங்கிலி கழன்று விழுகிறது. எங்கள் ராயப்பர் (பேதுருவைத்தான் அப்படிச் சொல்வோம்) கோயில் பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்ட கதை. ஆனால் அதே அதிகாரத்தின் 2ஆம் வசனத்தில் ஏரோது அரசன், பேதுருவைப் போலவே இயேசுவின் சீடரான யாக்கோபை வாளால் கொல்கிறான். ஒரே வரி. தூதரும் வரவில்லை, ஏன் வரவில்லை என்ற விளக்கமும் இல்லை. யாக்கோபு விசுவாசத்தில் குறைந்தவர் என்று எந்தச் சாமியாரும் சொல்ல மாட்டார். மத்தேயு 4ஐயும் பாருங்கள். தூதர்கள் கையில் தாங்கிக்கொள்வார்கள் என்ற 91ஆம் சங்கீதத்தைச் சொல்லி இயேசுவைக் கோயில் உச்சியிலிருந்து குதிக்கச் சொல்வது சாத்தான். இயேசு குதிக்க மறுக்கிறார்.

அதனால் உங்கள் சந்தேகத்தைப் பாவம் என்று யாராவது சொன்னால் கலங்காதீர்கள். சம்மனசு இருக்கிறாரா என்றால் எனக்குத் தெரியாது. "என்னைக் காப்பாற்றினார்" என்று அடுத்தவள் காதுபட சாட்சி சொல்வதை மட்டும் என்னால் தாங்க முடியாது. நான் அப்படிச் சொல்வதே இல்லை. வீட்டில் தனியாக நன்றி சொல்லுங்கள், யார் வேண்டாம் என்கிறார்கள்?

என் மகளுக்கு அந்த ஜெபத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இருட்டுக்குப் பயப்படுகிறாள், அவளுக்கு அது உதவுகிறது. ஆனால் உனக்கு ஒன்றும் ஆகாது, சம்மனசு பார்த்துக்கொள்வார் என்று நான் வாக்குக் கொடுத்ததில்லை. கொஞ்சம் பெரியவள் ஆனதும் பேதுரு கதையோடு யாக்கோபு கதையையும் சேர்த்தே படித்துக் காட்டுவேன்.