டெங்குவும் எக்கோவும்: வாசகர் கேள்வி பதில்

டெங்குவுக்கு ஆசுப்பத்திரி வோட்டில இருந்து வீட்டை வந்து மூண்டு நாள். நாடித்துடிப்பு 48க்கு மேல ஏறுதில்லை. எக்கோ (ஒலியலையால இருதயத்தைப் பாக்கிற ஸ்கான்) ஒண்டு எடுப்பமோ? (கொக்குவில்)

டெங்கு தேறும் நாட்களில் துடிப்பு 60க்குக் கீழே இறங்குவது வழமை. பெரும்பாலும் தானாகவே சீராகும். முதலில் ஈசிஜி எடுங்கள். துடிப்பு ஏன் மெதுவாகிறது என்பதை அதுதான் காட்டும். ஈசிஜியில் மாற்றம், ட்ரோபோனின் (இருதயத் தசை பாதித்தால் இரத்தத்தில் ஏறும் புரதம்) கூடுதல், நெஞ்சு நோ, மூச்சு முட்டு, மயக்கம், பிரஷர் இறக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்கோவைப் பின்போடக் கூடாது.

எக்கோ ரிப்போட்டில ஈ.எஃப் 48% எண்டு கிடக்கு. இருதயம் அரைவாசிதான் வேலை செய்யுதோ? (சாவகச்சேரி)

இல்லை. ஈ.எஃப் என்பது அறையில் நிரம்பிய இரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியேறும் பங்கு. 100% எவருக்கும் கிடையாது. இடது கீழறையில் 120 மில்லிலீற்றர் இரத்தம் நிரம்பி, ஒரு துடிப்பில் 72 வெளியேறினால் ஈ.எஃப் 60%. ஆண்களுக்கு 52 முதல் 72, பெண்களுக்கு 54 முதல் 74 சாதாரணம். உங்களுடையது இலேசான குறைவு.

எந்த முறையில் அளந்தார்கள் என்று பாருங்கள். எம்-மோட் ஒரே கோட்டில் அளப்பது. வைரஸால் வரும் அழற்சியோ இருதயச் சுவரைத் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். அந்தக் கோட்டில் அகப்படாமலே போகலாம். சிம்ப்சன் முறையில் இரண்டு கோணங்களில் உட்சுவர் முழுவதையும் வரைந்து கணக்கிடுவார்கள், அதையே நம்பலாம். அதிலும் புரோப் (நெஞ்சில் வைக்கும் ஸ்கான் கருவி) இருதய நுனியை விட்டு விலகினால் அறை குட்டையாகத் தெரிந்து கணக்குப் பிழைக்கும். இருவர் அளந்தால் 5 முதல் 10 புள்ளி வித்தியாசம் வருவதுண்டு. ஆகவே இன்று 48, அடுத்த மாதம் 53 என்றால் அதை மட்டும் வைத்துச் சுகம் என்று சொல்ல முடியாது. மறுபடி எடுக்கும்போது அதே முறையில் அளக்கச் சொல்லுங்கள். அன்றைய துடிப்பும் பிரஷரும் ரிப்போட்டில் இருக்கட்டும்.

இருதயத்தைச் சுத்தி 6 மில்லிமீற்றர் தண்ணியாம். ஊசி போட்டு எடுக்க வேணுமோ?

வேண்டாம். டெங்குவில் இரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து நெஞ்சறை, வயிறு, இருதய உறை எல்லாவற்றிலும் சேரும். 10 மில்லிமீற்றருக்குக் கீழ் என்றால் சிறிய அளவு. கசிவு நின்றதும் உடலே உறிஞ்சிக்கொள்ளும். அந்த நீரால் இருதயத்தின் வலது அறைகள் நசுங்குகின்றனவா என்பதுதான் கேள்வி. கூடவே கீழ்ப் பெருநாளத்தையும் (உடலின் கீழ்ப்பகுதி இரத்தத்தை இருதயத்துக்குக் கொண்டுவரும் குழாய்) பார்ப்பார்கள். அது 2.1 சென்ரிமீற்றருக்கு மேல் விரிந்து, மூச்சை இழுக்கும்போது பாதியளவும் சுருங்காவிட்டால் சேலைன் ஏற்றுவதில் கவனம் தேவை.

வெறும் வயித்தோட போகவேணுமோ? கர்ப்பிணி எடுக்கலாமோ?

சாப்பிட்டுப் போகலாம். கதிர்வீச்சு இல்லை, கர்ப்பிணிகளும் எடுக்கலாம். முன்பக்கம் திறக்கும் சட்டை நல்லது. இடப்பக்கம் சரிந்து படுக்க வேண்டும்.

மகனுக்கு டெங்குவோட இருதயத் தசை அழற்சி வந்தது. இப்ப எக்கோ நோர்மல். பந்தடிக்க விடலாமோ? (குருநகர்)

இப்போதைக்கு விடாதீர்கள். அழற்சி தொடங்கியதிலிருந்து 3 முதல் 6 மாதம் கடும் விளையாட்டு கூடாது. தசை நன்றாகச் சுருங்கினாலும் உள்ளே தழும்பு இருக்கலாம். சாதாரண எக்கோவில் அது தெரியாது. ஓடும்போது ஆபத்தான துடிப்புக் கோளாறு அங்கிருந்து கிளம்பலாம். மைதானத்துக்கு விடுமுன் எக்கோவுடன் ட்ரோபோனின், 24 மணிநேர ஹோல்டர் (துடிப்பைத் தொடர்ந்து பதியும் கருவி), உடற்பயிற்சி ஈசிஜி மூன்றும் சரியாக இருக்க வேண்டும்.