டி.எஸ்.எச். 8.6, ஃப்ரீ டி4 நார்மல். ஆண்களுக்கும் தைராய்டு வருமா? மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாதா?

கேட்டிருப்பவருக்கு வயது 34, ஆண். வழக்கமான பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோன்) 8.6 வந்திருக்கிறது, ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் தைராக்ஸின் ஹார்மோனில் ரத்தத்தில் தனியாக இருக்கும் பகுதி) லேப் போட்டிருக்கும் அளவுக்குள்ளேயே இருக்கிறது. வீட்டில் “இதெல்லாம் பொம்பளைங்களுக்கு வர்றது, லேப்ல ஏதோ தப்பு” என்கிறார்களாம். அந்த ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது.

ஆண்களுக்கும் வரும். பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அந்த உண்மையை எல்லோரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதால்தான் எனக்குத் தைராய்டு இருப்பதை யாரும் தேடிப் பார்க்கவில்லை.

எனக்கு முதலில் பிடிபட்டது கொலஸ்ட்ரால். கெட்ட கொலஸ்ட்ரால் எகிறியிருக்கிறது என்று ஸ்டாட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சில வாரங்களில் தொடையிலும் கெண்டைக்காலிலும் அப்படி ஒரு வலி. மாடிப்படி ஏறக் கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுக்க வேண்டியிருந்தது. குரல் தடித்துப்போனது, மலச்சிக்கல், எல்லோரும் ஃபேன் போடச் சொல்லும்போது எனக்கு மட்டும் குளிர். போன இடத்திலெல்லாம் தனித்தனியாக ஒவ்வொன்றுக்கும் மருந்து கொடுத்தார்கள். ஒரு டாக்டர் “டென்ஷனைக் குறைங்க” என்று சொல்லி அனுப்பினார். என் மனைவிக்கு இதே தொந்தரவுகள் இருந்திருந்தால் முதல் நாளே தைராய்டு டெஸ்ட் எழுதியிருப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடைசியில் பார்த்த டாக்டர் நான் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, நாற்காலியில் முட்டி போட்டுப் பாதம் வெளியே தொங்கும்படி இருக்கச் சொன்னார். குதிகாலுக்கு மேலே ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு. பாதம் சட்டென்று துள்ளியது, ஆனால் பழைய நிலைக்குத் திரும்பும்போது மெதுவாக, ரொம்ப மெதுவாக வந்தது. கூட வந்திருந்த என் மனைவிக்கே அது தெரிந்தது. “தைராய்டு பார்த்தீங்களா?” என்றார். பார்க்கவில்லை. ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். 70-ஐத் தாண்டியிருந்தது, ஃப்ரீ டி4 கீழே கிடந்தது. தைராய்டு குறைந்தால் கொலஸ்ட்ரால் ஏறும், அதைக் கவனிக்காமல் ஸ்டாட்டின் கொடுத்தால் தசைவலி வரும் வாய்ப்பு கூடும் என்று அன்றைக்குத்தான் எனக்கு யாரோ ஒருவர் சேர்த்துச் சொன்னார்.

டாக்டர்களைக் குறை சொல்லவே எழுதுகிறேன் என்று சிலர் கருத்துப் போட வருவார்கள். கண்டுபிடித்ததும் டாக்டர்தான், சுத்தியலை எடுத்த அந்த ஒருவருக்கு நான் ஆயுசு முழுக்கக் கடமைப்பட்டவன். நான் மருத்துவம் படித்தவன் இல்லை. முடிவு உங்கள் டாக்டருடையது. என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

உங்கள் எண்ணுக்கு வருகிறேன். டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பது இல்லை, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பது. கீழே இருப்பவர் வேலையில் சுணங்கினால் மேலே இருப்பவர் குரலை உயர்த்துவாரே, அதுதான் நடக்கிறது. டி4 கொஞ்சம் இறங்கினாலே டி.எஸ்.எச். பல மடங்கு ஏறிவிடும். அதனால்தான் உங்களுக்கு டி4 நார்மலாகவும் டி.எஸ்.எச். கூடுதலாகவும் தெரிகிறது. பெரும்பாலான லேப்களில் டி.எஸ்.எச். மேல் எல்லை 4 அல்லது 4.5-ஐ ஒட்டி இருக்கும். அந்த எல்லையே ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி போட்டதுதான். வயதானவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருப்பது இயல்பு. ஒரே நாளில்கூட அது மாறும், இரவில் ஏறி மதியத்தில் இறங்கும். ஆகவே சிவப்பு எழுத்தில் ‘அதிகம்’ என்று ஒரு தடவை வந்ததற்காக அன்றே மாத்திரை ஆரம்பிக்க வேண்டியதில்லை, அன்றே ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடவும் கூடாது. டி.எஸ்.எச். நார்மலாக இருந்து ஃப்ரீ டி4 மட்டும் குறைவது என்று ஒன்றும் உண்டு. அது பிட்யூட்டரி கோளாறாக இருக்கலாம். அரிதுதான், ஆனால் டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் தப்பிவிடும்.

இரண்டு மூன்று மாதம் விட்டு மறுபடி எடுங்கள். ஃப்ரீ டி4-ம் தைராய்டு பெராக்ஸிடேஸ் எதிர்ப்பொருள் டெஸ்டும் சேர்த்துக் கேளுங்கள். எதிர்ப்பொருள் இருந்தால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டை அரிக்கிறது என்று பொருள். ஜப்பானிய டாக்டர் ஹஷிமோட்டோ 1912-ல் விவரித்த நோய் அது. இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் 20 ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வில், டி.எஸ்.எச். கூடுதலும் எதிர்ப்பொருளும் இரண்டும் இருந்த பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 4 சதவீதம் பேர் முழுத் தைராய்டு குறைவுக்குப் போனார்கள். டி.எஸ்.எச். 10-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் பெரும்பாலும் மருந்து ஆரம்பிப்பார்கள். அதற்குக் கீழே உங்கள் வயது, தொந்தரவு, கொலஸ்ட்ரால், இதயம் எல்லாம் பார்த்துத்தான் முடிவு. 65 வயதைத் தாண்டியவர்களிடம் நடத்தி 2017-ல் வந்த பெரிய ஆய்வில், இப்படி லேசாக ஏறியதற்கு மாத்திரை கொடுத்ததில் அசதி குறையவில்லை. மாத்திரை கம்பெனிக்கு ஆள் பிடிக்கிறேன் என்று சொல்லப் போகிறவர்கள் இந்த வரியையும் படியுங்கள்.

பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? தலைமுடி கொட்டுகிறது என்று பலர் போடுவார்கள். பல லேப் முறைகளில் அது டி.எஸ்.எச்-ஐக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டும், அதாவது நோயையே மறைத்துவிடும். குறைந்தது இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள்.

“ஆயுசுக்குமா?” என்றும் கேட்டிருக்கிறீர்கள். லேசான நிலையில் சிலருக்கு டி.எஸ்.எச். தானாகவே இறங்கிவிடும். உங்களுக்கு இன்னும் அது முடிவாகவில்லை. எனக்கு ஆயுசுக்கும்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. உடம்பு செய்ய வேண்டிய அதே தைராக்ஸினைத்தான் லீவோதைராக்ஸின் என்று விழுங்குகிறேன். 1891-ல் ஜார்ஜ் மரே என்ற ஆங்கிலேய டாக்டர் ஆட்டுத் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போடும் வரை இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. அவர் வைத்தியம் செய்த பெண்மணி அதற்குப் பிறகு 28 ஆண்டு வாழ்ந்தார். எனக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரையோடு போகிறது.

காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபியோ சாப்பாடோ. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் டெஸ்ட். அதற்கு முன்னால் எடுத்தால் டி.எஸ்.எச். நிலைக்கு வந்திருக்காது. சுறுசுறுப்பு வரும், எடை குறையும் என்று நீங்களாகக் கூட்டிப் போட்டுவிடாதீர்கள். அளவு மீறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். டி.எஸ்.எச். அளவுக்குள் வந்ததும் கொலஸ்ட்ராலும் இறங்கியது, ஸ்டாட்டினை டாக்டரே நிறுத்தினார். எல்லோருக்கும் அப்படி நிறுத்த முடியாது, நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் முடியவில்லை. நான் நோயோடு வேலைக்குப் போன அந்த வருஷம் அலுவலக மதிப்பீட்டில் “வேகம் குறைவு, ஈடுபாடு இல்லை” என்று எழுதினார்கள். பிறகு மருத்துவச் சான்றிதழ், டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாம் கொடுத்தேன். “இது வியாதியா, எல்லாருக்கும் இருக்கறதுதானே” என்றார் மேலதிகாரி. கட்டுப் போட்டிருந்தால், கையில் ஊசி குத்திய தழும்பு இருந்தால் நம்பியிருப்பார்கள். அந்த வரி இன்றைக்கும் என் கோப்பில் அப்படியே இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லி இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்கள் வீட்டில் மறுபடி “பொம்பளை வியாதி” என்றால் என் கதையைக் காட்டுங்கள். அடுத்த ரிப்போர்ட் வந்ததும் பழையதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். இரண்டுமே ஒரே லேபில் எடுத்ததாக இருந்தால் ஒப்பிட எளிது.