புளி தட்டுகிற கை ராத்திரியில் மரத்துப்போனால்

சகோதரி, பென்னாகரத்தில் வீட்டிலேயே புளி தட்டிக் கொட்டை எடுப்பதாகவும், ராத்திரி 2 மணிக்குக் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்து எழுப்பிவிடுவதாகவும், கையை உதறினால்தான் அடங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். சுண்டுவிரலுக்கு ஒன்றுமில்லை என்றீர்களே, அந்த வரிதான் முக்கியம். மணிக்கட்டின் நடுவில் போகிற நரம்பு அழுந்தினால் சுண்டுவிரல் தப்பிவிடும். அதற்குப் போகும் நரம்பு வேறு.

கிருஷ்ணகிரியில் தையல் வேலை பார்க்கும் எனக்கும் இதே தொல்லை இருந்தது. முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். நம்மை அறியாமல் மணிக்கட்டை மடக்கிக் கன்னத்துக்கடியில் வைத்துத் தூங்குகிறோம், அதுதான் நரம்பை நெருக்குகிறது. உள்ளங்கைப் பக்கம் தகடு வைத்த மணிக்கட்டுப் பட்டை மெடிக்கலில் கிடைக்கும். கை நேராக நிற்கும்படி, இறுக்காமல் கட்டிக்கொண்டு படுங்கள். 6 வாரமாவது விடாதீர்கள். எனக்கு மூன்றாவது வாரத்தில்தான் முழுத்தூக்கம் வந்தது.

புளி தட்டும் சுத்தியின் பிடியில் பழைய சேலைத் துணியைச் சுற்றிப் பருமனாக்குங்கள், இறுக்கிப் பிடிக்கத் தேவையிருக்காது. அரைமணிக்கொரு தடவை கையை ஓயவிடுங்கள். கனமான போர்வை பிழிவதை வீட்டில் வேறு யாராவது செய்யட்டும்.

அப்புறம் சர்க்கரை, தைராய்டு இரண்டையும் பரிசோதித்துவிடுங்கள். அவையும் இதற்குக் காரணமாகலாம். பகலிலும் மரப்பு விடாமல் இருந்தாலோ, டம்ளர் கை நழுவினாலோ, கட்டைவிரலின் அடிச்சதை வற்றினாலோ தள்ளிப்போடாமல் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள்.