அப்பாவைப் பற்றி யாரிடம் கேட்பது?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்பாயியிடம் வளர்ந்தவள் நான். அப்பா 1974இல் இதே தோட்டத்தில் பிறந்தவர். 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு தாத்தா குடும்பத்தோடு கிளிநொச்சி மலையாளபுரத்துக்குப் போய்விட்டார். 2009 ஏப்ரலில், போரின் கடைசிக் கட்டத்தில் மாத்தளனில், காயப்பட்ட ஒருவரைத் தூக்கிக்கொண்டு போன அப்பா திரும்பி வரவில்லை. அப்போது எனக்கு ஆறு வயது. செட்டிகுளம் முகாமிலிருந்து வந்ததும் அப்பாயி என்னையும் தம்பியையும் இங்கே தன் அண்ணன் வீட்டுக்குக் கூட்டி வந்தார். அம்மா கிளிநொச்சியில் இருக்கிறார். அப்பாவைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுவார். இப்போது எனக்கு ஒரு மகன். அப்பாவின் கதையைத் தேடி எழுத வேண்டும். எங்கே தொடங்குவது? ஃபேஸ்புக்கில் போடலாமா?

பதில்: தங்கச்சி, முதலில் இரண்டு கொப்பி வாங்குங்கள். ஒன்று கந்தோருக்கு, அதாவது அரசாங்க அலுவலக வேலைகளுக்கு, மற்றது வீட்டுக்கு. இரண்டையும் கலக்காதீர்கள். காணாமற்போனவரின் குடும்பத்திடம் எல்லா ஆணைக்குழுவும் ஒரே கேள்வியைத்தான் கேட்டன: கடைசியாக எங்கே, எப்போது, யார் கண்டது? அதற்கே பதில் சொல்லிச் சொல்லி, முப்பத்தைந்து வருடம் வாழ்ந்த மனிதர் ஒரு மத்தியானத்துக்குள் சுருங்கிப்போகிறார். உங்கள் கடிதத்திலும் பாருங்கள், அவர் பிறந்ததும் போனதும் இருக்கிறது. என்ன வேலை செய்தார், எப்படிச் சிரிப்பார் என்று ஒரு வரி இல்லை.

கந்தோர் கொப்பியின் முதல் பக்கத்தில் அப்பாவின் பெயரை எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்களோ அத்தனையையும் எழுதுங்கள். தோட்டத்துப் பிறப்புகள் பெரும்பாலும் நிர்வாகம் வழியாகப் பதியப்பட்டவை. கிளாக்கரையா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியது ஒன்று, அதைப் பார்த்துச் சிங்களத்தில் எழுதியது இன்னொன்று, வன்னியில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தமிழில் எழுதியது வேறொன்று. இதுபோக வீட்டுப் பெயர் இருக்கும். சிலருக்கு இயக்கப் பெயரும் இருக்கும். தேடுகிறவர் ஒரு எழுத்துப் பிசகால் கோப்பைத் தவறவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

அடுத்தது அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் முதல் இரண்டு எண்களும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது (பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்து எண்ணியது). பிறந்த தேதி தெரியாவிட்டால் அதிலிருந்தே எடுக்கலாம். ஆனால் பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் உத்தேச வயதுச் சான்றிதழை வைத்து எடுத்த அட்டை என்றால் அந்தத் தேதியை அப்படியே நம்ப வேண்டாம். இலக்கத்தின் கடைசியில் ‘வி’க்குப் பதில் ‘எக்ஸ்’ இருந்தால், வாக்குரிமை இல்லாதவராகப் பதிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வன்னிக்குப் போன நம் ஆட்கள் பலருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை பிரஜாவுரிமைச் சிக்கல் தீரவில்லை. அதனால் பழைய வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லை என்பதற்காக, அவர் அங்கே இருக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. கிளிநொச்சியில் அதற்குப் பிராந்திய அலுவலகம் உண்டு. உங்களுக்குக் கொழும்புத் தலைமை அலுவலகமே பக்கம். புதிதாக முறைப்பாடு எழுதுவதற்கு முன், அம்மாவோ அப்பாயியோ ஏற்கெனவே எங்கேயாவது கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். காணாமற்போனோரைப் பற்றி விசாரிக்க 2013இல் அமைத்த பரணகம ஆணைக்குழுவுக்கும் பல்லாயிரம் குடும்பங்கள் கொடுத்திருக்கின்றன. அந்தப் பற்றுச்சீட்டு ஏதாவது பெட்டியின் அடியில் கிடக்கும், அதிலுள்ள இலக்கம் பொன். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டப்படி ‘காணவில்லை’ என்று உறுதிப்படுத்தும் சான்றிதழை எடுக்கலாம். காணி, வங்கி வேலைகளுக்கு உதவும். எந்தக் கந்தோராவது பதில் தராமல் இழுத்தால், தகவல் அறியும் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

காயப்பட்டவரைத் தூக்கிப் போனார் என்கிறீர்களே, அந்த ஒரு வரியைத் தனியாகக் குறித்து வையுங்கள். 2009 பெப்ரவரியிலிருந்து மே வரை சர்வதேச செஞ்சிலுவைக் குழு மாத்தளன் கரையிலிருந்தும் பிறகு முள்ளிவாய்க்கால் பக்கமிருந்தும் காயப்பட்டவர்களையும் கூடப் போனவர்களையும் கப்பலில் ஏற்றித் திருகோணமலைக்கும் பிறகு புல்மோட்டைக்கும் கொண்டுபோனது. அப்பாவைத் தேடித்தரும்படி அந்தக் குழுவிடம் எழுதிக் கொடுக்கலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. உடனே அப்பா கப்பல் ஏறினார் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். அந்தப் பக்கத்தையும் கேட்டு முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். கப்பலில் போய்த் தப்பியவர்கள் மலையாளபுரத்திலும் தர்மபுரத்திலும் இருப்பார்கள். உங்கள் அப்பாவோடு நின்றவரை அவர்கள் வழியாகக் கண்டுபிடிக்கும் வாய்ப்புத்தான் அதிகம்.

அன்று உடுத்திருந்த சாரம், சட்டை, கையில் கட்டியிருந்த கயிறு, விழுந்த பல், முறிந்து பொருந்திய எலும்பு, இதெல்லாமும் கந்தோர் கொப்பிக்குத்தான். யாழ்ப்பாணம் செம்மணிப் புதைகுழியில் தோண்டி எடுத்த பொருட்களை 2025 ஆகஸ்ட் 5ஆம் திகதி நீதிமன்றம் மக்களுக்குக் காட்டியபோது, ஞாபகத்தில் இருந்தவற்றை வைத்துத்தான் உறவினர்கள் பார்க்க வேண்டியிருந்தது. எழுதும்போது கை நடுங்கும். தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

இனி வீட்டுக் கொப்பி. எனக்குக் கேட்டால் இதைத்தான் முதலில் தொடங்குவேன். கந்தோர்க் கோப்பு அடுத்த வருடமும் இருக்கும். அப்பாயியின் அண்ணன் எண்பதைத் தாண்டியவர். அவரிடம் “எந்த வருஷம்?” என்று கேட்டால் சரியாக வராது. பஞ்ச காலத்துக்கு முன்னமா பின்னமா என்று கேளுங்கள். 1973-74 பஞ்சத்தில் தோட்டங்களில் சனம் பட்டினியால் செத்ததை அவர் மறந்திருக்க மாட்டார். அப்பா அந்தப் பஞ்சத்துப் பிள்ளை. 77இல் லயத்தை விட்டு வன்னிக்கு லொறி ஏறிய பல குடும்பங்களுக்குக் கலவரப் பயத்தோடு அந்தப் பசியும் சேர்ந்திருந்தது. காடு வெட்டிக் குடியேறிய கதை, முதல் வெள்ளாமை, மலேரியாக் காய்ச்சல், ஊரார் இவர்களை என்ன பெயரால் கூப்பிட்டார்கள் என்பது, இவற்றை எந்த ஆணைக்குழுவும் கேட்டதில்லை. போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் தேதியையும் பேசுகிறவர் பெயரையும் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மணிநேரம் போதும், அதற்கு மேல் பெரியவர்கள் களைத்துப்போவார்கள்.

படம்? வன்னியிலிருந்த ஆல்பங்கள் பதுங்குகுழிகளோடு போய்விட்டன. ஆனால் கலியாணப் படமும் பிள்ளை பிறந்த படமும் ஒரு பிரதி எப்போதும் ஊருக்கு வந்திருக்கும். சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, கூடலூர், கோத்தகிரி போன சொந்தம் இருந்தால் கட்டாயம் கேளுங்கள். கடிதத்துக்குள் வைத்து அனுப்பிய படங்கள் அங்கே பத்திரமாக இருந்ததைக் கண்டிருக்கிறேன். கிடைத்ததை ஜன்னல் வெளிச்சத்தில் போனில் படம் பிடியுங்கள், பின்பக்க எழுத்தையும் சேர்த்து. தயவுசெய்து லெமினேட் பண்ணாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது.

அம்மாவை வற்புறுத்த வேண்டாம். அவர் வாயால் கடைசி நாளைச் சொல்ல வைப்பதில் உங்களுக்குக் கிடைப்பது கொஞ்சம், அவருக்குப் போவது அதிகம். அடுத்தமுறை போகும்போது, கிடைத்த பழைய படத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருங்கள். சட்டையைப் பற்றியோ போட்டோ பிடித்தவரைப் பற்றியோ ஏதாவது சொல்லக்கூடும். சொல்லாவிட்டாலும் சரி.

மகனுக்கு, “தாத்தா சண்டையில காணாமப் போயிட்டாரு, தேடிக்கிட்டு இருக்கோம்” என்பது போதும். வெளிநாட்டில் இருக்கிறார் என்ற கதை வேண்டாம்.

ஃபேஸ்புக்கைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவும் தம்பியும் எழுதியதை வாசித்துச் சம்மதித்த பிறகு முதலில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். பிழை திருத்த அங்கே ஆள் கிடைக்கும். பொதுவில் போடுவதாக இருந்தால் வீட்டுக் கொப்பியிலிருந்து மட்டும் எடுங்கள். அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி எண், கடைசியாகக் கண்ட இடம் எதுவும் வேண்டாம். உயிரோடு இருக்கும் வேறு எவருடைய பெயரும், சீருடையில் நிற்கும் எவருடைய படமும் வேண்டாம். முகநூல் பதிவுக்காக 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, “உங்கப்பா இன்ன கேம்பில் இருக்கிறார், காசு போட்டால் காட்டுறேன்” என்று போன் வரும். எத்தனையோ தாய்மார் இப்படித் தாலிக்கொடியை விற்றிருக்கிறார்கள். அப்பா உங்களைச் செல்லமாகக் கூப்பிட்ட பெயரை எங்கேயும் எழுதாமல் வைத்திருங்கள். போன் வந்தால் அதைக் கேளுங்கள். தெரியாவிட்டால் வைத்துவிட்டு, வந்த இலக்கத்தைக் கந்தோர் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.