அமெரிக்க மேற்குல குடியேறின முன்னோடிப் பெண்களைப் பத்தின நாவல்ல எவ்வளவு உண்மை?

கொள்ளுப்பாட்டி கதையை வச்சு எழுதின நாவல்ல, கல்யாணமாகாத பொண்ணு தனியா 160 ஏக்கர் வாங்கினதா வருதே, நம்பலாமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா நம்பலாம். குடியேறி உழறவங்களுக்கு அரசு நிலத்தை இலவசமா குடுத்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 21 வயசான தனிப் பொண்ணு, விதவை எல்லாரும் மனு போட முடிஞ்சுது, ஆனா 5 வருஷம் அங்கயே குடியிருந்து உழுது காட்ட வேண்டியிருந்துச்சு, சாட்சியும் தேவைப்பட்டுச்சு, வீடு எவ்வளவு பெருசு, எத்தனை ஏக்கர் உழுதாங்கன்னு எழுதின ஃபைலெல்லாம் இன்னைக்கும் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்துல இருக்கு. நாவல் எழுதறவங்களுக்கு அது புதையல். ஆனா புல்லோட வெட்டியெடுத்த மண்கட்டி வீடு மழைக்கு ஒழுகறப்ப, விறகில்லாம காஞ்ச சாணிய எரிச்சு ரொட்டி சுடறப்ப அவ மனசுல என்ன ஓடுச்சுன்னு ஃபைல் சொல்லாது, அங்கதான் கற்பனை வேணும். எனக்கு உறுத்தறது ஒண்ணுதான், அதுல ஏகப்பட்ட நிலம் லகோட்டா மாதிரி பூர்வகுடிகள்கிட்ட பிடுங்கினது, நிறைய நாவல் அதைத் தொடறதே இல்ல.