கண்ணாடியைக் கழற்ற லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்த பிறகு மைனஸ் பவர் பிளஸ்ஸாகிவிட்டது. உடனே மறுபடி லேசர் செய்துகொள்ளலாமா?

பொறுங்கள். நானும் இதே அவசரத்தில் இருந்தவன்தான்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. மைனஸ் ஆறரையோடு 33 வயதில் லேசிக் செய்துகொண்டேன். மறுநாள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் சேர்வராயன் மலை பளிச்சென்று தெரிந்தது. பட்டறையில் உட்கார்ந்தால்தான் வினை. அரை மணி நேரத்தில் கொலுசுக் கண்ணி மங்கி, நெற்றி வலிக்கத் தொடங்கிவிடும். முன்பெல்லாம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கருகே வைத்துப் பார்ப்பேன். அந்த மைனஸ் கண்தான் எனக்குப் பூதக்கண்ணாடி. அது போயிற்று. போதாததற்கு வலது கண்ணில் பிளஸ் ஒன்றேகால், இடதில் முக்கால்.

கருவிழியைத் தேவைக்கு மேல் தட்டையாக்கினால் இப்படி ஆகும். அதிக மைனஸ் இருந்தவர்களுக்கு முதலில் பிளஸ் பக்கம் போய், சில மாதங்களில் தானாக இறங்குவதும் உண்டு. அதனால்தான் குறைந்தது மூன்று மாதம் காத்திருந்து, அளவு மாறாமல் நின்ற பிறகே மறு சிகிச்சை பற்றிப் பேசுகிறார்கள். கண் தசை தளர்ந்து கண்பாப்பா விரியச் சொட்டு விட்டு அளக்கச் சொல்லுங்கள். சின்ன வயதில் கண் தசையே பிளஸ்ஸை ஈடுகட்டி மறைத்துவிடும்.

எனக்குப் பெரிய தொல்லை வறட்சிதான். லேசிக்கில் கருவிழி நரம்புகள் அறுபடுவதால் கண்ணீர் குறையும். காய்ந்த கண்ணில் பவர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக வரும். பற்றவைக்கும் சூட்டில் கேட்கவே வேண்டாம். பிரிசர்வேட்டிவ் இல்லாத கண்ணீர்ச் சொட்டை மாதக்கணக்கில் விட்ட பிறகே அளவு ஒரு நிலைக்கு வந்தது. இரவில் விளக்கைச் சுற்றி வளையம் வேறு. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் ஒரு தடவை எதிரே பஸ் வந்தபோது ரோடே தெரியவில்லை. அப்புறம் நாலு மாதம் ராத்திரியில் வண்டியைத் தொடவில்லை.

மறுபடி செய்வதென்றால் மிச்சமிருக்கும் கருவிழித் தடிமன் போதுமா என்று கேளுங்கள். முதல் லேசிக்கில் வெட்டித் திறந்த பழைய கருவிழி மடலைத் தூக்கிச் செய்தால் அதனடியில் மேல்தோல் செல்கள் வளரும் அபாயமும் உண்டு. சிகிச்சைக்குப் பின் கொடுக்கும் ஸ்டீராய்டு சொட்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீர் வலி, சிவப்பு, பார்வை மங்கல், கண்ணில் அடி எதுவானாலும் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.

ஐந்தாம் மாதம் இடது கண் சரியானது. வலதில் பிளஸ் அரை நின்றது. விட்டுவிட்டேன். பட்டறையில் மட்டும் கண்ணாடி. “காசு கொடுத்துக் கழற்றினதை மறுபடி மாட்டிக்கிட்டியாடா?” என்று அம்மா இன்னும் கேட்கிறாள்.